பனியில் கருகினாலும் வேரில் உயிர் இருக்கும்: ஃப்யூஷியாவின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி படம் அனுப்பிக் கேட்டிருந்தாள். "டீச்சர், புதுசா வாங்கின வீட்டுத் தோட்டத்துல ஃப்யூஷியா புதர் ஒண்ணு இருக்கு. அக்டோபர் வரைக்கும் ஜிமிக்கி ஜிமிக்கியா பூத்துத் தொங்குச்சு. இப்போ பனியில கருகி விளக்குமாத்துக் குச்சி மாதிரி நிக்குது. பிடுங்கிப் போட்டுடலாமா?"

பிடுங்காதே என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்பதற்கான பதில் அந்தச் செடியின் வரலாற்றில் இருக்கிறது. நீலகிரியில் வேலை பார்த்த வருடங்களில் எனக்கும் பழக்கமான செடிதான். அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஜெர்மனியில் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1501-இல் பிறந்தவர், டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். மூலிகைகளைச் சரியாக அடையாளம் காணாமல் மருந்து கொடுத்தால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து என்பது அவருடைய கவலை. அதற்காகவே 1542-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களுடன் பெரிய தாவர நூல் ஒன்றை வெளியிட்டார். ஐரோப்பாவில் மிளகாய்ச் செடி படமாக அச்சேறிய ஆரம்ப கால நூல்களில் அதுவும் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மிளகாய்க்கு அவர் கொடுத்த பெயர்களில் ஒன்று "கள்ளிக்கோட்டை மிளகு"! நம் பக்கத்திலிருந்து போனது என்று நினைத்துவிட்டார்.

ஃபுக்ஸ் 1566-இல் காலமானார். அதன் பிறகு 137 ஆண்டுகள் கழித்துத்தான் ஃப்யூஷியா என்ற பெயரே பிறந்தது. ஷார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி செடிகளைத் தேடி மூன்று முறை கரீபியன் தீவுகளுக்குப் போனவர். இன்றைய ஹெய்டியும் டொமினிகன் குடியரசும் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவில் சிவப்புப் பூ பூக்கும் ஒரு செடியைக் கண்டார். 1703-இல் வெளியிட்ட நூலில், தான் மதித்த பழைய மேதையின் பெயரை அதற்குச் சூட்டினார். ஃபுக்ஸ் அந்தப் பூவைப் பார்த்ததே இல்லை.

ப்ளூமியே கண்டது வெப்பத் தீவின் செடி. அது பனியைத் தாங்காது. ஃப்யூஷியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. என் மாணவியின் தோட்டத்தில் இருப்பது பனி தாங்கும் வகை. அதன் மூலம் மெகலானிகா என்ற இனம். தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் மெகல்லன் நீரிணையை ஒட்டி வந்த பெயர் அது. 1788-இல் லாமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்தார்.

அவர் பெயர் வைப்பதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் இருந்தது. சிலி, அர்ஜென்டினா நாடுகளின் தென்பகுதியில் வாழும் மாபூச்சே பழங்குடி மக்களிடமிருந்து வந்த பெயர், சில்கோ. அவர்கள் மொழியில் "கோ" என்றால் தண்ணீர். ஓடைக்கரையிலும் ஈரக் காட்டின் ஓரத்திலும் வளரும் செடிக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! அதை மருந்தாகவும் கம்பளி நூலுக்குச் சாயமாகவும் அவர்கள் பயன்படுத்தினார்கள். சிலியில் இன்றும் சில்கோ என்றுதான் சொல்கிறார்கள். மற்ற உலகத்துக்கு அந்தப் பெயர் தெரியாது.

பூ ஏன் தலைகீழாகத் தொங்குகிறது? அங்கே அதற்குத் தேன்சிட்டு போன்ற ஒரு குட்டிப் பறவை விருந்தாளி. அந்த ஓசனிச்சிட்டு உட்கார இடம் தேடாது. சிறகடித்து அந்தரத்தில் நின்றபடியே கீழிருந்து அலகை நுழைத்துத் தேன் குடிக்கும். ஆங்கிலேயர்கள் இந்தப் பூவைச் சீமாட்டியின் காதணி என்றார்கள். நம் பெண்கள் பார்த்திருந்தால் ஜிமிக்கிதான்.

இங்கிலாந்துக்கு அது வந்த விதத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். 1788-இல் கேப்டன் ஃபர்த் என்பவர் ஒரு ஃப்யூஷியாவைக் கொடுத்ததாகக் கியூ தோட்டத்தின் பதிவு சொல்கிறது. இன்னொன்று செவிவழிக் கதை. லண்டனில் ஹேமர்ஸ்மித் பகுதியில் ஜேம்ஸ் லீ என்பவர் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் ஒரு ஏழைப் பெண்ணின் ஜன்னலில் அதுவரை பார்த்திராத பூவைக் கண்டார். மாலுமியின் மனைவி என்று சிலர் சொல்வார்கள், தாய் என்று சிலர். கடல் கடந்து போனவன் கொண்டுவந்து கொடுத்த செடி, அதை விற்க அவளுக்கு மனமில்லை. கையிலிருந்த எட்டு கினியை நீட்டி, பதியன் வந்ததும் உனக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிப் போனாராம் லீ. அதை ஒடித்து ஒடித்து நட்டு, மறு பருவத்தில் முந்நூறு செடிகளாக்கி, செடி ஒரு கினி என்று விற்றாராம்.

கதை எந்த அளவு உண்மையோ, ஒன்று கவனியுங்கள். லீயின் பெயர் நிற்கிறது. கேப்டனின் பெயர் நிற்கிறது. ஜன்னலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவளுக்கு மட்டும் கதையில் பெயரே இல்லை.

1830 வாக்கில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் ரிக்கார்ட்டன் என்ற இடத்தில் ஒரு வகை உருவானது. ஊரின் பெயராலேயே "ரிக்கார்ட்டோனி" என்று பெயர் பெற்றது. குளிரையும் உப்புக் காற்றையும் நன்றாகத் தாங்கும். அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில், கெர்ரி, கார்க் பகுதிகளில் இதை வேலியாக நட்டார்கள். கடல் காற்றால் அங்கே கடும் பனி குறைவு, மழை நிறைய. சில்கோவுக்குத் தாய்வீடு மாதிரி. இன்று மைல் கணக்கில் சாலையோரமெல்லாம் சிவந்து கிடக்கிறது. ஐரிஷ் மொழியில் அதற்கு "கடவுளின் கண்ணீர்" என்று பெயர். வந்தேறிச் செடி ஒன்று மேற்கு கார்க் பகுதியின் வணிகச் சின்னமாகவே ஆகிவிட்டது.

இனி வளர்ப்புக்கு வருவோம். கடும் பனியில் மேல்தண்டு செத்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டும் வேரும் பிழைத்திருந்து வசந்தத்தில் புதிதாகத் துளிர்க்கும். பனி தாங்கும் செடி என்பதற்கு இதுதான் பொருள். எனவே:

நடும்போது ஆழமாக நட வேண்டும். தொட்டியில் இருந்த மண்மட்டத்தைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே போகட்டும். குளிர் முடிந்த பின் நட்டால் அடுத்த குளிருக்குள் வேர் ஊன்றிவிடும்.

இலையுதிர் காலத்தில் அடியில் மட்கிய இலையோ பட்டையோ கனமாகப் போட்டு மூடுங்கள். காய்ந்த குச்சிகளைக் குளிர்காலத்தில் வெட்டக் கூடாது. அவைதான் அடிப்பகுதிக்குப் போர்வை. வசந்தத்தில் கீழிருந்து மொட்டு வரும்போது, உயிருள்ள துளிருக்கு மேலே வெட்டிவிடலாம். பூ புதுக் கிளையில்தான் வரும் என்பதால் நஷ்டமில்லை.

ஓடைக்கரைச் செடி என்பதை மறக்க வேண்டாம். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மிதமான நிழல் பிடிக்கும். கோடையில் வேர்ப்பகுதி காயவே கூடாது.

நுனிக் கொழுந்து வீங்கிச் சுருண்டு, சிவந்து முண்டு முண்டாக வந்தால் அது ஒரு வகைச் சிலந்திப்பேனின் வேலை. கண்ணுக்கே தெரியாது. தென் அமெரிக்காவிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவுக்கும் 2007-இல் பிரிட்டனுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கிளைகளை வெட்டி எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள்.

"எனக்கும் ஒரு செடி வேண்டும் டீச்சர்" என்று மதுரை, திருச்சிக்காரர்கள் கேட்பீர்கள். வேண்டாம், நம் வெயிலுக்குத் தாங்காது. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாவில் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். வெட்டிய கிளைகளை மட்டும் சோலைக்காட்டு ஓரத்தில் கொட்டாதீர்கள். ஹவாயிலும் ரீயூனியன் தீவிலும் இந்தச் செடி காட்டுக்குள் பரவித் தொல்லையாகிவிட்டது. சமவெளிக்காரர்கள் வயல் வாய்க்காலில் மஞ்சள் பூ பூக்கும் நீர்க்கிராம்பைப் பாருங்கள். நான்கு இதழ் கொண்ட அதுவும் ஃப்யூஷியாவும் ஒரே குடும்பம், அதற்கும் தண்ணீர்தான் உயிர். களை என்று நாம் மிதித்துப் போவது அந்த ஜிமிக்கியின் பங்காளி.

கடைசியாக ஃபுக்ஸைப் பற்றி இன்னொரு செய்தி. தன் நூலில் அவர் தன்னுடைய படத்தை மட்டும் போடவில்லை. செடிகளை வரைந்த ஆல்பிரெக்ட் மேயர், அதை மரக்கட்டைக்கு மாற்றிய ஹைன்ரிக் ஃபுல்மௌரர், கட்டையில் செதுக்கிய ஃபைட் ருடால்ஃப் ஸ்பெக்லே ஆகிய மூவரின் உருவத்தையும் பெயரோடு அச்சிட்டார். அந்தக் காலத்தில் கைத்தொழிலாளிக்கு அப்படி ஒரு மரியாதை அபூர்வம். அவர் பெயரைத் தாங்கிய செடியின் கதையில்தான் மாபூச்சே மக்களும் வாப்பிங் பெண்ணும் பெயரில்லாமல் போனார்கள்.

நம் தெருக்களிலும் செடிகள் பெரும்பாலும் காசுக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த கிளை, அத்தை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த பதியன் என்றுதான் வந்து சேரும். உங்கள் வீட்டுச் செடிகள் யார் கையால் வந்தவை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பதிவின் கீழேயும் ஒரு செடியின் பெயரையும், கொடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்