வேடம் தந்த பட்டம்

மன்னர் வழங்கிய பட்டங்கள் உண்டு. கற்றோர் அவைகள் வழங்கிய பட்டங்களும் உண்டு. மேடையில் ஏற்ற வேடமே பட்டமாகி, வாழ்நாள் முழுதும் பெயருக்கு முன்னே நின்றுவிட்ட விந்தையோ தமிழ் நாடக உலகிற்குச் சிறப்பாக உரியது. ஔவையாராக நடித்த டி. கே. சண்முகம் ‘ஔவை சண்முகம்’ ஆனார். அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்த கணேசன், தந்தை பெரியாரின் வாயால் ‘சிவாஜி கணேசன்’ ஆனார். இவ்விருவரோடு வைத்து எண்ணத்தக்க மூன்றாமவர் ‘நவாப்’ டி. எஸ். இராஜமாணிக்கம்.

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் நம்மிடம் ஓதவரும் பிள்ளைகளுள் சிலர், இப்பெயரைக் கேட்டதும், “உஸ்தாத், இவர் நம்மவரா?” என்று வினவியதுண்டு. அல்லர். அவர் இந்துப் பெருமகனார். மதுரை தேவி பால விநோத சங்கீத சபா என்னும் நாடகக் குழுவை நடத்தியவர். சிறுவர்களைச் சேர்த்து, உணவும் உறையுளும் தந்து, பாட்டும் வசனமும் பயிற்றி, கட்டுப்பாட்டில் குருகுலத்தை ஒத்ததாக அக்குழுவை வளர்த்தவர். இராமாயணத்தையும் ஐயப்பன் வரலாற்றையும் மேடையேற்றியதுபோலவே இயேசுநாதர் வரலாற்றையும் மேடையேற்றினார். எனினும் அவருக்கு அழியாப் பெயரைத் தேடித் தந்தது ‘பக்த ராமதாஸ்’ என்னும் இசை நாடகமே. அதில் அவர் ஏற்றது பக்தரின் வேடமன்று. பக்தரைச் சிறையிலிட்ட முஸ்லிம் அரசரின் வேடம்!

ஈண்டு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். கதையின் போக்கைப் பார்த்தால் அவ்வரசர் வில்லனாக அன்றோ நிற்க வேண்டும்? வில்லன் வேடத்தின் பெயரை எவரேனும் பட்டமாகச் சூட்டி மகிழ்வரோ? மக்கள் சூட்டினர், கலைஞரும் விரும்பி ஏற்றார். இதன் காரணத்தை அறிய வரலாற்றினுள் புகுதல் வேண்டும்.

கோல்கொண்டாவை 1518 முதல் 1687 வரை ஆண்டது குத்புஷாஹி மரபு. அதன் கடைசி சுல்தான் அபுல் ஹஸன் குத்புஷா. ‘தானாஷா’ என்று மக்கள் அழைத்தது இவரையே. சூஃபிப் பெரியாரான ஷாஹ் ராஜூவின் சீடராக வாழ்ந்த இவர், 1672ஆம் ஆண்டு தம் மாமனாருக்குப் பின் அரியணை ஏறினார். இவருடைய முதன்மை அமைச்சர் மாதண்ணா என்னும் பிராமணர். மாதண்ணாவின் சகோதரர் அக்கண்ணாவும் உயர் பதவியில் இருந்தார். 1677ஆம் ஆண்டு சத்திரபதி சிவாஜி ஹைதராபாத்திற்கு வந்து இதே தானாஷாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். தமிழ் மேடையில் இருவருக்குப் பட்டமாகிய ‘நவாபு’ம் ‘சிவாஜி’யும் மெய்யான வரலாற்றில் ஒருவரையொருவர் சந்தித்தவர்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அமைச்சரின் உறவினராகிய கோபண்ணா, பத்ராசலம் பகுதியில் வரி தண்டும் அதிகாரியாக இருந்தார். தண்டிய வரிப்பணத்தைக் கொண்டு அங்கே இராமர் கோயிலை எழுப்பினார். பணம் கருவூலத்திற்கு வந்து சேராமையால் கோல்கொண்டாக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். சிறைவாசம் 12 ஆண்டு என்பர். அங்கிருந்து அவர் தெலுங்கில் பாடிய கீர்த்தனைகள் தென்னாடெங்கும் பரவின. அவரே ராமதாஸர். இராமரும் இலக்குவரும் இளைஞர் உருவில் வந்து ஆறு இலட்சம் வராகனைச் சுல்தானிடம் செலுத்தி, சீட்டுப் பெற்றுச் சென்றனர் என்பதும், அதனால் சுல்தான் கோபண்ணாவை விடுதலை செய்தார் என்பதும் பக்தர்களின் கதை. அக்கதை அவர்தம் நம்பிக்கையின் பாற்பட்டது. நாம் இங்கே நோக்குவது அதில் அரசர் நிற்கும் நிலையை.

பொதுக் கருவூலம் என்பது மக்களின் அமானிதம். அதிலிருந்து எடுத்துக் கோயில் கட்டினும் குற்றமே. பள்ளிவாசல் கட்டினும் குற்றமே. எடுத்தவரின் உள்ளம் தூயதாக இருக்கலாம். ஆயினும் கணக்குக் கேட்பது அரசின் கடமை. தம் அமைச்சரின் உறவினர் என்றும் பாராமல் கணக்குக் கேட்டவர் தானாஷா. பிராமணரை முதலமைச்சராக வைத்து ஆண்டவர், இன்னொரு பிராமணரை மதவெறுப்பால் சிறையிலிட்டார் என்று கூறுதல் பொருந்துமா? நாட்டின் பொருளுக்குக் காவலாக ஒருவர், இறைவன்மீது கொண்ட காதலில் தம்மை மறந்தவராக மற்றொருவர் – இவ்விருவருக்கிடையே எழுந்த வழக்கு அது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தமையாற்றான் அக்கதை நல்ல நாடகமாயிற்று.

நம் தகப்பனார் தம் இளமையில் அந்நாடகத்தைக் கண்டவர். கூத்து, நாடகம் என்றால் விலகி நிற்கும் குடும்பத்தில் பிறந்தவர். நண்பர்கள் வற்புறுத்தியதால் போனார். முஸ்லிம் அரசரை எப்படிக் காட்டுவார்களோ என்ற அச்சத்துடனேயே போய் அமர்ந்ததாகக் கூறுவார். ஆர்மோனியம் முழங்க, உடைவாளும் தலைப்பாகையுமாக நவாப் மேடையில் தோன்றியபோது கொட்டகை கைதட்டலால் அதிர்ந்ததாம். ராமதாஸருக்காகக் கண்ணீர் விட்ட அதே மக்கள், உண்மை உணர்ந்த அரசர் மனம் கலங்கியபோது அவருக்காகவும் கண்ணீர் விட்டனராம். “அன்று கொட்டகையைவிட்டு வெளியே வரும்போது, நான் அணிந்திருந்த தொப்பி எனக்குக் கனக்கவில்லை” என்பார் தகப்பனார். முதுமையில் பலவற்றை மறந்த பின்னும் இதை அவர் மறந்தாரில்லை. ஒரே இரவில் கண்ட இசை நாடகம் ஒரு மனிதரின் நெஞ்சில் அறுபது ஆண்டுகள் தங்கிற்று என்றால், அக்கலையின் ஆற்றலை என்னென்பது!

இனி, ‘நவாப்’ என்னும் சொல்லைச் சிறிது ஆராய்வோம். அறபியில் ‘நாயிப்’ என்றால் பிரதிநிதி. அதன் பன்மை ‘நுவ்வாப்’. அதிலிருந்து வந்ததே நவாப். எனவே நவாப் என்பவர் பேரரசர் ஒருவரின் பிரதிநிதியே அன்றித் தனியரசர் அல்லர். தானாஷாவோ தன்னுரிமையுடன் ஆண்ட சுல்தான். கோல்கொண்டா வீழ்ந்த பின்னரே, ஔரங்கசீப் ஆலம்கீரின் காலத்தில், ஜுல்ஃபிகார் கானைக் கொண்டு கர்நாடக நவாபுகளின் வரிசை தொடங்கிற்று. நம் விருத்தாசலம் உள்ளிட்ட தென்னாற்காட்டுச் சீமை பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் கீழ் வந்தது. ஆகவே தமிழர் கண்ணாரக் கண்ட முஸ்லிம் அரசர் நவாப். மேடையில் வந்த சுல்தானும் அவர்களுக்கு நவாப் ஆனார். தம் அரசின் வீழ்ச்சிக்குப் பின் தோன்றிய ஒரு பதவியின் பெயராலேயே தானாஷா தமிழ் மேடையில் வாழ்ந்தார் என்பது வரலாற்றின் விளையாட்டு!

மேடை சொல்லாது விட்ட முடிவையும் நாம் அறிதல் நன்று. 1686இல் மாதண்ணாவும் அக்கண்ணாவும் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு, எட்டு மாத முற்றுகைக்குப்பின், உள்ளிருந்தோர் துரோகத்தால் கோட்டைக் கதவு திறக்கப்பட்டது. தளபதி அப்துர் ரஸ்ஸாக் லாரீ ஏறத்தாழ எழுபது காயங்கள் படும்வரை போரிட்டதையும், தம்மைச் சிறைபிடிக்க வந்தவர்களைத் தானாஷா அமைதியாக வரவேற்று உணவருந்த அழைத்ததையும் வரலாற்றாசிரியர் காஃபீ கான் எழுதிவைத்துள்ளார். பின்னர் தானாஷா தௌலதாபாத் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே மறைந்தார். ராமதாஸரின் சிறைவாசமாகக் கதை கூறும் அதே கால அளவு! அவர் முன்னோரின் எழில்மிகு அடக்கத்தலங்கள் கோல்கொண்டாவில் இருக்க, அவரோ குல்தாபாதில் எளிய கப்ரில் உறங்குகிறார்.

அந்நாடகம் 1935ஆம் ஆண்டு திரைப்படமாயிற்று. இராஜமாணிக்கத்தின் குழுவில் சிறுவராகச் சேர்ந்து பயின்ற எம். என். நம்பியார் முதன்முதல் திரையில் தோன்றியது அதில்தான். அவர் ஏற்றது மாதண்ணா வேடம்.

எங்கள் ஊர்ச் சூளைகளில் பீங்கான் பொம்மை செய்வோர், கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றிச் சிறிது நேரம் வைப்பர். அச்சைப் பிரித்தால் மண் அவ்வுருவாகவே வெளிவரும். நெருப்பில் வெந்தபின் அவ்வுரு மாறாது. தானாஷா என்னும் அச்சில் வார்க்கப்பட்டு, பல்லாண்டு உழைப்பென்னும் நெருப்பில் வெந்தவர் இராஜமாணிக்கம். அதனாற்றான் அப்பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

பத்ராசலத்தில் ஆண்டுதோறும் ஸ்ரீராம நவமித் திருமண விழாவிற்கு அரசின் சார்பில் முத்துகள் அனுப்பப்படுகின்றன. தானாஷா தொடங்கிய வழக்கம் என்பது மரபு. குத்புஷாஹிகள் மறைந்தனர், நிஜாம்களும் மறைந்தனர், முத்துகள் மட்டும் இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன. முஸ்லிம் அரசர் என்றாலே வாளையும் இடிபாட்டையும் மட்டும் காட்டும் கதைகள் பெருகிவரும் இந்நாளில், நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க வரலாறு இது. முஸ்லிம் அரசரின் பெயரைத் தன் பெயருக்கு முன் பெருமையுடன் தாங்கினார் ஓர் இந்துக் கலைஞர். அப்பெயராலேயே அவரை அன்புடன் அழைத்தது தமிழகம். அத்தமிழகம் நம்முடையது.