காபன் சமநிலையும் கம்பனிகளும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

உலகளாவிய காபன் சமநிலைக்குக் கம்பனிகள் நம்பத்தக்க பங்களிப்பை எவ்வாறு நல்கலாம் எனும் வினா, அவற்றின் நல்லெண்ணத்தைப் பற்றியதன்று. உற்பத்தி முறைமையைப் பற்றியதாகும். எச்.எப்.சி. 23 எனும் வாயுவின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

1997 இல் நிறைவேறிய கியோத்தோ உடன்படிக்கை, வளர்முக நாடுகளில் நிகழும் வெளியேற்றக் குறைப்புகளுக்குச் சான்றுகள் வழங்கவும், கைத்தொழில் நாடுகளின் அரசுகளும் கம்பனிகளும் அவற்றை வாங்கித் தம் கடப்பாட்டை ஈடுசெய்யவும் வழிவகுத்தது. குளிரூட்டி வாயுவொன்றின் உற்பத்தியிற் பக்கவிளைபொருளாகத் தோன்றுவதே எச்.எப்.சி. 23. அதன் ஒரு தொன், 11,700 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமெனக் கணிக்கப்பட்டது. அதனை எரித்தழிக்கும் செலவோ சொற்பம். எனவே சீனாவிலும் இந்தியாவிலும் இருந்த ஆலைகளுக்குக் கழிவே பெரும் பண்டமாயிற்று. கழிவு பெருகினால் இலாபமும் பெருகும் எனும் முரண்பாடு தோன்றியது. சான்றுகளை வாங்கிய கம்பனிகளோ, அந்த அளவுக்குத் தம் ஆலைகளிற் குறைப்புச் செய்யாமலே கணக்கை நேர்செய்தன.

2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் தனது வெளியேற்றச் சந்தையில் இச்சான்றுகளைத் தடைசெய்தது. 2016 இன் கிகாலித் திருத்தம், இவ்வாயுவை இயன்றவரை அழித்தலை நாடுகளின் கடப்பாடாக்கியது. சந்தை பெருவிலை கொடுத்து வாங்கியதைச் சட்டம் கடமையாக்கிற்று என்க.

நம்பகத்தன்மையின் அளவுகோல் இவ்வனுபவத்திலிருந்தே பெறப்படும். கம்பனி தன் சொந்த உற்பத்தியிலும், மூலப்பொருள் முதல் நுகர்வு வரையிலும் வெளியேற்றத்தைக் குறைத்தல் வேண்டும். கணக்கைப் பொதுப் பரிசீலனைக்குத் திறந்துவைத்தல் வேண்டும். வாங்கிய சான்றைத் தன் குறைப்பாகக் காட்டாதிருத்தல் வேண்டும். 2022 இல் ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழுவும் இவற்றையே வற்புறுத்தியது. ஆயினும், இவை தன்விருப்பின்பாற் பட்டனவாக இருக்கும்வரை இலாபப் போட்டி அவற்றைப் புறந்தள்ளும். சட்டத்தின் கட்டாயமும், அதனைக் கோரி நிற்கும் மக்களின் அமைப்புப் பலமுமே வாக்குறுதியைச் செயலாக்கும்.