கில்கோர், பிரெடெரிக்

பிரெடெரிக் கில்கோர் (1914–2006), அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகர். நூலகப் பட்டியல்களைக் கணினிவழி ஒன்றிணைத்த முன்னோடி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டில் பிறந்தார். ஹார்வர்டில் வேதியியல் பயின்று, அங்கேயே நூலகப் பணியில் நுழைந்தார். 1948 முதல் யேல் பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தை நடத்தினார்.

ஒரே புத்தகம் நூறு நூலகங்களுக்கு வந்தால், நூறு இடங்களிலும் அதற்குத் தனித்தனியே பட்டியல் அட்டை தயாரிப்பதே அன்றைய நடைமுறை. பயிற்சி பெற்ற நூலகர்களின் உழைப்பு பெரும்பாலும் இதிலேயே கரைந்தது. 1967இல் ஒகையோ மாநிலக் கல்லூரிகள் கூடி 'ஒகையோ கல்லூரி நூலக மையம்' (ஓ.சி.எல்.சி.) அமைத்தபோது, அதன் முதல் தலைவராகக் கில்கோர் பொறுப்பேற்றார். ஒரு நூலகம் பதிந்த விவரத்தை மற்றவை தொலைபேசிக் கம்பி வழியே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். 1971 ஆகஸ்ட் 26 அன்று ஒகையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகம் இம்முறையில் பட்டியலிடத் தொடங்கியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியெட் ஆவ்ரம் உருவாக்கிய 'மார்க்' என்ற, கணினி படிக்கக்கூடிய பதிவு வடிவம் இல்லாமல் இது இவ்வளவு விரைவில் கைகூடியிருக்காது. ஆவ்ரமின் பங்கையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

நூலகங்களுக்கிடையே நூல்களை இரவல் கோரும் வசதி 1979இல் சேர்ந்தது. சிறு கல்லூரி மாணவருக்கும் பெரிய பல்கலைக்கழகங்களின் நூல்கள் எட்டும்படி செய்த இதுவே கில்கோர் பணியின் சிகரம் எனலாம். 1980இல் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவர் தொடங்கிய பட்டியல் இன்று 'வேர்ல்டுகேட்' என்ற பெயரில் உலகெங்கும் பயன்படுகிறது.