ரசீது இல்லாத சரக்கு

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி வரியில்லாத் துறைமுகமாக இருந்த நாட்களில், கப்பலிலிருந்து இறங்கிய சரக்கில் எவ்வளவு எல்லை தாண்டி வெளியே போயிற்று என்பதற்குச் சுங்கச்சாவடியின் ஏடாவது சாட்சியாக நின்றது. இன்று அதே ஊரின் நெல்லித்தோப்பு சிக்னலருகே உள்ள ஜெராக்ஸ் கடைக் கணினி முதல் பெருவங்கிகளின் சர்வர் வரையில் விலையின்றிப் புழங்கும் திறந்த மூல மென்பொருளுக்கு அப்படியொரு சாவடியும் இல்லை. விற்பனை இல்லாத இடத்தில் ரசீதும் இல்லையாதலால், தான் படைத்ததை எந்தக் கம்பெனி உபயோகிக்கிறது என்பதைப் படைத்தவனே அறிய மார்க்கமில்லாமற் போயிற்று.

அறிய முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1995 ஆகஸ்டில் நெட்கிராஃப்ட் நிறுவனம், இணையத்தில் தன் கண்ணுக்கெட்டிய ஒவ்வொரு வலைத்தள சர்வரையும் அணுகி, அது பதிலோடு அனுப்பும் மென்பொருட் பெயரைக் குறித்துக்கொள்ளத் தொடங்கியது; அடுத்த ஏப்ரலுக்குள் அப்பாச்சி என்னும் திறந்த மூல சர்வர் மென்பொருள் முதலிடம் பெற்றதும் அக்கணக்கினால்தான் பிரசித்தமாயிற்று. கம்பெனிகளின் உள்வலைக்குள் ஓடியவை அதில் சேரவில்லை.

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினரின் முறை இன்னும் கண்ணியமானது. டெபியனை நிறுவும்போது, அதிலுள்ள மென்பொருள் தொகுப்புகளின் உபயோகக் கணக்கெடுப்பில் பங்குகொள்ளச் சம்மதமா என்று திரையில் ஒரு கேள்வி எழும். ‘வேண்டாம்’ என்பதே முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். சம்மதித்தால், எந்தத் தொகுப்புகள் உள்ளன, எவை அண்மையில் திறக்கப்பட்டன என்ற பட்டியல், ஆள் பெயரின்றி, வாரம் ஒருமுறை செல்லும். ஆனால் எந்தக் கம்பெனியின் நிர்வாகிதான் தன் சர்வர்களின் விவரத்தை வெளியே அனுப்பச் சம்மதிப்பார்? ஆகையால் அந்தப் புள்ளிவிவரம் தனிமனிதர் விருப்பத்தைக் காட்டுமளவு ஸ்தாபனங்களின் பழக்கத்தைக் காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

எதிர்பாராத வேறோர் ஏடு நம் கைப்பேசியிலேயே கிடக்கிறது. அமைப்புகளில் சட்டத் தகவல் என்ற பகுதியைத் திறந்தால், அதனுள் இருக்கும் திறந்த மூல மென்பொருட்களின் உரிமங்கள் வரிசை வரிசையாக உருண்டுகொண்டே போகும். ஆசிரியர் பெயரை மறைக்கலாகாது என்று அவ்வுரிமங்களில் பல விதிப்பதால் நேர்ந்த பட்டியல் அது. 1998இல் இணையத்தில் தரவைப் பரிமாறும் கர்ல் என்னும் கருவியை வெளியிட்ட சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், கார்களின் திரைகளிலும் தொலைக்காட்சிகளிலும் இவ்வாறு தம் பெயர் தென்பட்ட படங்களைச் சேர்த்துவருகிறார். ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட இடங்களில் கர்ல் இருக்கிறதென்பது அவரது அனுமானம்.

அனுமானம் போதாதென்பதை விபத்துகளே உணர்த்தின. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளிப்பட்டபோதுதான், உலகத்தின் வங்கிகளும் அங்காடிகளும் தரவை மறைக்குறியாக்க நம்பியிருந்த, அப்பிழைக்கு இடமான ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள், ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலரே நன்கொடையாகப் பெற்றுவந்தது ஊரறிந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் மென்பொருட் கூறில் பிழை வெளிப்பட்டபோதோ, அக்கூறு தங்களிடம் எங்கெங்கே உள்ளது என்று கம்பெனிகளே தேடித் திணறின. அதன்பின் மென்பொருளின் உட்பொருட்களைப் பட்டியலிடும் வழக்கம் வலுப்பட்டது; இந்தியாவிலும் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பட்டியல் வாங்குபவர் மேஜைக்குப் போகிறதேயன்றி, எழுதியவரிடம் வருவதில்லை.