அழுத்த–பருமன் வேலை

வாயு விரிந்தாலும் சுருங்கினாலும் அதன் எல்லை நகர்கிறது. அந்த நகர்வால் வாயுவுக்கும் சூழலுக்கும் இடையே கைமாறும் ஆற்றலே அழுத்த–பருமன் வேலை. பிஸ்டனின் மேல் வெளியிலிருந்து அழுத்தும் விசையை அது நகர்ந்த தொலைவால் பெருக்கினால் வேலை கிடைக்கும். வெளி அழுத்தம் மாறாதிருந்தால் கணக்கு இன்னும் எளிது: அழுத்தத்தைப் பருமன் மாற்றத்தால் பெருக்கினால் போதும். ஒரு லிட்டர்–வளிமண்டலம் 101.325 ஜூலுக்குச் சமம்.

கொதிக்கும் நீரையே எடுத்துக்கொள்ளலாம். 100 டிகிரி செல்சியஸில் 1 கிராம் நீர் முழுதும் ஆவியாக 2,257 ஜூல் வெப்பம் தேவை. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருந்த நீர், ஏறத்தாழ 1,670 கன சென்டிமீட்டர் நீராவியாகப் பெருகிச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளுகிறது. அதற்கு ஆகும் செலவு சுமார் 169 ஜூல். மீதி 2,088 ஜூல் அக ஆற்றலில் சேர்கிறது. பதினோராம் வகுப்பு இயற்பியல் நூல் இந்த 169-ஐ நேர்க்குறியோடு எழுதும். வேதியியல் நூலோ எதிர்க்குறி போடும். முன்னது வாயு செய்த வேலையை எண்ணுகிறது, பின்னது வாயுவின் மீது செய்யப்பட்டதை. ஒரே மாணவர் ஒரே ஆண்டில் இரண்டையும் படிக்க வேண்டியிருப்பது கொஞ்சம் கொடுமைதான்!

விரிந்தாலே வேலை நடந்துவிட்டதாக ஆகாது. எதிர்க்க ஒன்று வேண்டும். ஜூல் 1845இல் வெளியிட்ட சோதனையில், அழுத்தப்பட்ட காற்று வெற்றிடக் கலத்துக்குள் பாய்ந்தது. சுற்றியிருந்த நீரின் வெப்பநிலையில் மாற்றம் தென்படவில்லை. எதிர் அழுத்தம் இல்லாததால் அங்கே வேலையும் இல்லை.

எந்த வழியில் விரிகிறது என்பதும் முக்கியம். 300 கெல்வினில் ஒரு மோல் நல்லியல்பு வாயு இருமடங்காக விரிவதாகக் கொள்வோம். இறுதி அழுத்தத்தை எதிர்த்து ஒரே வீச்சில் விரிந்தால் 1,247 ஜூல் வேலை கிடைக்கும். எதிர் அழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து, மீள் முறையில் விரியவிட்டால் 1,729 ஜூல். தொடக்கமும் முடிவும் ஒன்றே.

மீள் முறையில், அழுத்த–பருமன் வரைபடத்தில் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பே வேலை. இந்த வரைபடம் பிறந்தது வகுப்பறையில் அல்ல, நீராவிப் பொறிக்கூடத்தில். ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796இல், பொறி ஓட ஓடப் பென்சிலே தாளில் அதை வரையும்படி அமைத்தார். வாட்டின் நிறுவனம் அதைத் தொழில் ரகசியமாகப் பல ஆண்டுகள் பொத்திவைத்திருந்தது. அறிவியல் ஏடுகளில் அது நிலைபெற்றது, கார்னோவின் சுழற்சியை விளக்க 1834இல் கிளாப்பெய்ரோன் அதைக் கையாண்ட பிறகே.