நஞ்செடுக்கும் கைகள்: வடதமிழக இருளரின் தொழில் வரலாறு

பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் நச்சுமுறி மருந்தின் வரலாறு, 1890களில் பிரான்சில் ஆல்பர்ட் கால்மெத் நடத்திய ஆய்வுகளையும், குதிரையின் உடலில் நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கும் முறையையும் விரிவாகப் பேசுகிறது. ஆனால் அந்த நஞ்சுக்கான பாம்பைப் பிடித்தவர் யார் என்பதை அது பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை அதற்கான விடையின் பெரும்பகுதி, செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களில் ஏரிக்கரைகளிலும் ஊர் எல்லைகளிலும் குடிசையிட்டு வாழும் இருளர் என்னும் பழங்குடியினரிடம் இருக்கிறது.

வயல்வரப்பில் எலி வளையை வெட்டி, எலியையும் அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பது இவர்களின் பழைய பிழைப்பு. எலியைத் தேடிவரும் பாம்பின் தடத்தை மண்ணில் படிக்கும் திறனும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் பாம்புத்தோல் ஏற்றுமதி பெருகியபோது வணிகர்கள் இத்திறனை மலிவாக வாங்கினர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளுக்கு நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. எனினும் தோலால் செல்வம் சேர்த்தவரைவிட, அன்றன்றைய கூலிக்குப் பாம்பு பிடித்தவரையே அத்தடை கடுமையாகத் தாக்கியது.

ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் வடநெம்மேலியில் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமலேயே வருவாய் ஈட்டும் வழியைத் திறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் வாய் துணியால் கட்டப்பட்ட மண்பானைகளில் வைக்கப்படுகின்றன. பாம்பின் தலையைப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் அதைக் கடிக்கச் செய்தால், நச்சுப்பற்கள் சவ்வைத் துளைத்துச் சில துளிகளை உள்ளே விடுகின்றன. வாரத்துக்கு ஒருமுறையாகச் சிலமுறை நஞ்செடுத்தபின், மீண்டும் பிடிபட்டால் அடையாளம் தெரியும்படி வயிற்றுச் செதிலில் குறியிட்டுப் பாம்பைக் காட்டில் விடுகின்றனர். உலர்த்திப் பொடியாக்கப்பட்ட நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது.

இத்தொழிலைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். ஆனால் எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதியே வரையறுப்பதால், சங்கத்தால் வாழ்வோர் இருளரில் ஒரு சிறு பகுதியினர்தாம். மற்றவர்களில் பலர் முன்பணக் கடனுக்காக அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் மரம் வெட்டுமிடங்களிலும் குடும்பத்தோடு கொத்தடிமைகளாக உழைத்திருக்கின்றனர். 1976ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்துப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும், அவர்களை அங்கிருந்து மீட்கும் பணி அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.