நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு (புதுச்சேரி)

ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காமல் பாக்டீரியா பிழைத்துப் பெருகும் நிலை. ‘உடம்புக்கு மருந்து பழகிவிட்டது’ என்பார்கள். உண்மையில் மாறியிருப்பது உடம்பல்ல, கிருமி. 2019-இல் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் உயிரிழப்புகளுக்கு இதுவே நேரடிக் காரணம் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பில் புதுச்சேரி ஜிப்மர் ஒரு தலைமை மையம். பிரெஞ்சு ஆட்சியில், 1823-இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் இது. ஸ்டஃபைலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் வகைக் கிருமிகள் இதன் பொறுப்பு.

எதிர்ப்பைக் கண்டறியும் சோதனை பார்வைக்கு எளியது. சீழிலிருந்து வளர்த்தெடுத்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைக் கூழ்த்தட்டில் பரவலாகத் தடவி, செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாடிக் ஊறிய சிறு காகித வில்லையை மேலே வைப்பார்கள். மறுநாள் தட்டெங்கும் கிருமி படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் வெற்று வட்டம். அதன் விட்டம் 22 மி.மீ.க்குக் குறைந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலினை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பெனிசிலின் குடும்பத்து மருந்துகளில் அநேகமாக எதுவும் அதனிடம் எடுபடாது.

என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு சென்னை, ஹரியானா, பிரிட்டன் நோயாளிகளிடம் பரவியிருப்பதை 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. மரபணுவின் பெயரிலுள்ள ‘என்.டி.’ புது டெல்லியைக் குறித்ததால் எழுந்த கோபத்தில் கிருமியைப் பற்றிய பேச்சு பின்தங்கியது.

2014 மார்ச் முதல் நடப்பிலுள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, அதிலுள்ள ஆன்டிபயாடிக்கை விற்கும் மருந்துக்கடைக்காரர் மருத்துவர், நோயாளி பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.